மிதிவண்டி வேக உணரியும் மிதிச்சுற்று உணரியும்

மிதிவண்டி வேக உணரி என்பது மிதிவண்டிச் சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அதிலிருந்து வேகத்தையும் கடந்த தொலைவையும் அறிய உதவும் சிறு மின்னணுக் கருவி ஆகும். மிதிச்சுற்று உணரி என்பது ஓட்டுபவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முழுச் சுற்று மிதிக்கிறார் என்பதை அறிய உதவும் இணைக் கருவி ஆகும். இவ்வெண்ணிக்கை மிதிச்சுற்று வீதம் எனப்படும். மிதிவண்டிக் குழுவினரின் பேச்சில் இது கேடன்ஸ் என்றே வழங்குகிறது. இரண்டு உணரிகளும் தாம் எண்ணியதைக் கம்பியில்லா முறையில் கைப்பேசிக்கோ, கைப்பிடியில் பொருத்தப்பட்ட மிதிவண்டிக் கணினிக்கோ, கைக்கடிகாரத்துக்கோ அனுப்புகின்றன.

இவ்வுணரிகள் உண்மையில் வேகத்தை அளப்பதில்லை என்பது முதலில் கவனிக்கத்தக்கது. அவை சுற்றுகளை எண்ணுகின்றன. கடைசிச் சுற்று எந்த நொடியில் நிறைவுற்றது என்பதைக் குறித்துக்கொள்கின்றன. எஞ்சியவை அனைத்தும் பெறும் கருவியில் நடைபெறும் கணக்கு. ஆகவே திரையில் தெரியும் வேகம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது, உணரியின் விலையைக் காட்டிலும், ஓட்டுபவர் பதிந்துவைத்த சக்கரச் சுற்றளவையே பெரிதும் சார்ந்துள்ளது.

இக்கட்டுரையில் வரும் கணக்குகளுக்குத் திண்டுக்கல் நகரமும், அதன் சமவெளியும், சிறுமலைச் சாலையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. மேற்கே பழனி மலைத்தொடருக்கும் கிழக்கே சிறுமலைக்கும் இடையே நகரம் அமைந்திருப்பதால், சமதரையில் நெடுந்தொலைவு ஓட்டுவதும் மலையேறுவதும் ஒரே காலைப்பொழுதில் இயலும். இரு உணரிகளின் வேறுபட்ட பயனை விளக்க இது வசதியான நிலப்பகுதி ஆகும்.

வரலாறு

சக்கரச் சுற்றுகளை எண்ணித் தொலைவு அறியும் எண்ணம் மிகப் பழையது. உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், வண்டிச் சக்கரம் சுழலப் பற்சக்கரங்கள் நகர்ந்து, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும் கருவி ஒன்று விளக்கப்பட்டுள்ளது. மிதிவண்டிக்கான எண்ணியை அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரில் கர்ட்டிசு வீடர் 1895ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆரக்கம்பியில் (தமிழ்நாட்டுக் கடைகளில் இதைப் போக்ஸ் கம்பி என்பர்) பொருத்திய முள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நட்சத்திரச் சக்கரத்தைத் தட்டிவிட, எண்கள் நகரும். வேகத்தை அது காட்டாது. தொலைவை மட்டும் காட்டும்.

மின்னணு முறைக்கு வழிவகுத்தது 1936இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வால்ட்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்சு ஆகும். இது கண்ணாடிக் குழலுக்குள் அடைக்கப்பட்ட இரு மெல்லிய இரும்புத் தகடுகளைக் கொண்டது. காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். சப்பானிய நிறுவனமான கேட்ஐ 1981இல் மின்னணு மிதிவண்டிக் கணினியை வெளியிட்டது. இவ்வகைக் கருவிகளில் சுவிட்சிலிருந்து கைப்பிடி வரை மெல்லிய கம்பி செல்லும். அது அறுபடுவதே அவற்றின் தீராத குறைபாடாக இருந்தது.

பின்னர் வந்த முதல் தலைமுறைக் கம்பியில்லாக் கருவிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒற்றைத் துடிப்பை மட்டுமே அனுப்பின. துடிப்பில் அனுப்புநரின் அடையாளம் எதுவும் கிடையாது. இருவர் அருகருகே ஓட்டினால் ஒருவரது வேகம் மற்றவர் திரையில் தெரியும். உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நிற்கும் வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் காட்டும். இக்குறையை நீக்கியவை எண்முறைச் செய்திகள். கனடாவின் டைனாஸ்ட்ரீம் நிறுவனம் உருவாக்கிய ஆன்ட் என்னும் நெறிமுறையும் (அந்நிறுவனத்தைக் கார்மின் 2006இல் வாங்கியது), 2010இல் வெளியான புளூடூத் 4.0 தரத்தின் குறைமின் பகுதியும் இவற்றுள் முக்கியமானவை. வேகம், மிதிச்சுற்று ஆகியவற்றுக்கான தனி புளூடூத் வரையறை 2012இல் வெளியிடப்பட்டது. காந்தமே தேவைப்படாத உணரிகளைக் கார்மின் 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆன்ட் பிளஸ் சான்றளிப்புத் திட்டம் 2025 ஜூன் மாதத்துடன் முடித்துக்கொள்ளப்பட்டது. எனினும் அதைப் பயன்படுத்தும் கருவிகள் ஏராளமாகப் புழக்கத்தில் உள்ளன.

எண்ணும் முறை

காந்த வகை உணரியில் சிறு காந்தம் ஒன்று ஆரக்கம்பியில் பொருத்தப்படும். உணரி சட்டகத்தில், காந்தம் கடக்கும் இடத்துக்கு எதிரே, சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். மிதிச்சுற்றுக்கான காந்தம் மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கின் உட்புறத்தில் ஒட்டப்படும். காந்தம் ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று.

காந்தமில்லா வகையில் உணரியே சுழல்கிறது. வேக உணரி சக்கரத்தின் ஹப்பிலும், மிதிச்சுற்று உணரி கிராங்கிலும் இரப்பர்ப் பட்டையால் கட்டப்படும். உள்ளே இருக்கும் முடுக்கமானிக்குப் புவியீர்ப்பு விசையின் திசை சுற்றிவருவது போலத் தோன்றும். கிராங்க் மேலே இருக்கையில் ஒரு திசையிலும் கீழே வருகையில் எதிர்த்திசையிலும் ஈர்ப்பு உணரப்படுவதால், ஒரு முழுச் சுற்றுக்கு ஓர் அலை கிடைக்கிறது. அலைகளை எண்ணினால் சுற்றுகள் தெரியும். சாலையின் குலுக்கல் இவ்வலையின் மேல் ஏறிக்கொள்ளும். அதை வடிகட்டுவது உணரியில் உள்ள நிரலின் வேலை. சிலவற்றில் சுழல்மானியோ, புவியின் காந்தப்புலத்தை உணரும் காந்தமானியோ பயன்படுகிறது.

காந்தம் இடம்பெயர்ந்துவிடும் என்ற கவலை இல்லாததால் காந்தமில்லா வகையே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. எனினும் காந்த வகையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. காந்தம் கடந்ததா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கருங்கல் சல்லி பரப்பிய பாதையிலும் அது சரியாகவே எண்ணும்.

அனுப்பப்படும் செய்தி

கணினி நிரல் எழுதும் மாணவர்களுக்கு இப்பகுதி பயன்படக்கூடும். புளூடூத் வரையறையின்படி உணரி அனுப்பும் செய்தியில் நான்கு எண்கள் இருக்கலாம். அவை: சக்கரத்தின் மொத்தச் சுற்றுகள், கடைசிச் சக்கரச் சுற்று நிறைவுற்ற நேரம், கிராங்கின் மொத்தச் சுற்றுகள், கடைசிக் கிராங்க் சுற்று நிறைவுற்ற நேரம். நேரம் நொடியின் 1024இல் ஒரு பங்காக அளக்கப்படுகிறது. செய்தி வழக்கமாக நொடிக்கு ஒருமுறை அளவில் அனுப்பப்படும்.

வேகம் செய்தியில் இல்லை என்பதையும், சக்கரச் சுற்றளவும் இல்லை என்பதையும் காண்க. மொத்தச் சுற்றுகளை அனுப்புவதில் ஒரு நன்மை உண்டு. இடையில் இரண்டு மூன்று செய்திகள் காற்றில் தொலைந்துபோனாலும், அடுத்து வரும் செய்தியில் மொத்தம் இருப்பதால் தொலைவு குறைவதில்லை. பழைய ஒற்றைத் துடிப்பு முறையில் தொலைந்த துடிப்பு தொலைந்ததே.

நேரத்துக்கு 16 இருமங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே அது 65,535 வரை சென்றபின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 65,536ஐ 1024ஆல் வகுத்தால் 64. அதாவது 64 நொடிகளுக்கு ஒருமுறை நேரம் சுழியத்துக்குத் திரும்பும். ஓர் எடுத்துக்காட்டு: முந்தைய செய்தியில் சக்கரச் சுற்று 15,240, நேரம் 64,900, அடுத்ததில் சுற்று 15,243, நேரம் 388. நேரடியாகக் கழித்தால் எதிர்மறை எண் வரும். 65,536ஐக் கூட்டிக் கழித்தால் 1024, அதாவது சரியாக ஒரு நொடி. ஒரு நொடியில் மூன்று சுற்றுகள், சுற்றளவு 2.105 மீட்டர் எனில் நொடிக்கு 6.315 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 22.7 கி.மீ. இத்திருத்தத்தை மறந்து எழுதப்பட்ட நிரல்களில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் எதிர்மறையாகவோ விமான வேகமாகவோ தோன்றும். இதைக் கண்டு உணரி பழுதென்று எண்ணித் திருப்பித் தருபவர்களும் உண்டு. பழுது உணரியில் இல்லை.

இதே 64 நொடி எல்லை இன்னோர் இடத்திலும் இடறும். ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் புறப்பட்டால், இடையில் கடிகாரம் எத்தனை முறை சுழியத்துக்குத் திரும்பியது என்பது செய்தியிலிருந்து தெரியாது. எனவே நின்று புறப்பட்டபின் கிடைக்கும் முதல் வேக மதிப்பைத் தள்ளிவிடுவதே சரியான நிரலாக்க வழக்கம். தொலைவுக்கு இச்சிக்கல் இல்லை.

சக்கரச் சுற்று எண்ணிக்கைக்கு 32 இருமங்கள் உள்ளன. சுற்றுக்கு 2.1 மீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 90 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய பின்னரே அது நிரம்பும். சந்திரனுக்குப் பதினொரு முறை போய்வரலாம். கிராங்க் எண்ணிக்கைக்கு 16 இருமங்களே என்பதால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவருக்குப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது நிரம்பிவிடும். நெடுந்தொலைவு ஓட்டங்களில் இது நிகழக்கூடியதே.

வண்டி நின்றவுடன் திரையில் வேகம் உடனே சுழியமாகாமல் இரண்டு மூன்று நொடி தயங்குவதன் காரணமும் இம்முறையிலேயே உள்ளது. சக்கரம் நின்றுவிட்டதா, அல்லது அடுத்த சுற்று இன்னும் நிறைவுறவில்லையா என்பதைப் பெறும் கருவி சிறிது காத்திருந்தே முடிவு செய்ய வேண்டும்.

சக்கரச் சுற்றளவு

கருவியில் பதியப்படும் சுற்றளவு பிழையானால் வேகம், தொலைவு, சராசரி ஆகிய மூன்றும் ஒரே விகிதத்தில் பிழையாகும். விரைவு வண்டிகளில் காணப்படும் 700 × 25சி டயருக்கு 2,105 மி.மீ. என்றும், 700 × 32சி டயருக்கு 2,155 மி.மீ. என்றும், மலைவண்டிகளின் 26 × 1.95 டயருக்கு 2,050 மி.மீ. என்றும் அட்டவணைகளில் காணலாம். பல செயலிகள் முதல் மதிப்பைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. 32சி டயர் போட்டவர் இதை மாற்றாமல் விட்டால் நூறு கிலோமீட்டர் ஓட்டியும் 97.7 என்றே காண்பார்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் பெரும்பான்மையாக ஓடும் கறுப்பு நிறச் சாதாரண மிதிவண்டியின் நிலை இதனினும் வேறு. அதன் டயர் 28 × 1½ அங்குலம் எனக் குறிக்கப்படும். வளையத்தின் விட்டம் 635 மி.மீ., டயரின் தடிமன் ஏறத்தாழ 40 மி.மீ. இவற்றிலிருந்து சுற்றளவு சுமார் 2,240 மி.மீ. என்று கிடைக்கிறது. வெளிநாட்டு அட்டவணைகள் பலவற்றில் இவ்வளவு இடம்பெறுவதில்லை. மாற்றாமல் விட்டால் பிழை 6 விழுக்காடு. சின்னாளபட்டிக்குப் போய் வந்தவர் தான் ஓட்டிய 20 கிலோமீட்டரில் ஒன்றுக்கு மேல் இழந்திருப்பார்.

அட்டவணையை நம்புவதினும் நேரே அளப்பது நன்று. டயரில் வழக்கமான அளவு காற்றடித்து, வால்வு தரையை நோக்கிச் சரியாகக் கீழே இருக்குமாறு நிறுத்தி, அவ்விடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும். ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்திருக்க, மற்றொருவர் பிடித்துக்கொண்டு வண்டியை நேர்கோட்டில் உருட்டவேண்டும். வால்வு ஐந்தாம் முறை கீழே வரும் இடத்தில் மறு கோடிட்டு, இடைத்தொலைவை ஐந்தால் வகுத்தால் சுற்றளவு. ஆளில்லாமல் உருட்டினால் டயர் நசுங்காததால் சற்று மிகுதியான அளவே கிடைக்கும். உணரி எச்சக்கரத்தில் உள்ளதோ அச்சக்கரத்தையே அளக்கவேண்டும். முன் பின் டயர்கள் வெவ்வேறாக இருப்பது அரிதன்று.

காற்றழுத்தமும் இதில் பங்கு கொள்கிறது. விடியற்காலை 25 பாகை செல்சியசில் காற்றடித்த டயர், சித்திரை மாத நண்பகல் தார்ச்சாலையில் 45 பாகையை எட்டினால், உள்ளிருக்கும் காற்றின் தனியழுத்தம் ஏறத்தாழ 7 விழுக்காடு உயரும். இதனால் சுற்றளவில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. இரண்டு வாரம் காற்றடிக்காமல் விட்ட டயரால் வரும் பிழை அதைவிடப் பெரிது.

மிதிச்சுற்று வீதம்

வேகம் வண்டியைப் பற்றிச் சொல்கிறது. மிதிச்சுற்று வீதம் கால்களைப் பற்றிச் சொல்கிறது. கால்கள் தரும் திறன், சுழற்று விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஒருவர் 100 வாட் திறனை நிமிடத்துக்கு 50 சுற்றில் தருகிறார் எனில் கிராங்கில் 19.1 நியூட்டன் மீட்டர் சுழற்று விசை தேவை. அதே திறனை 80 சுற்றில் தந்தால் 11.9 போதும். கிராங்கின் நீளம் 165 மி.மீ. எனக் கொண்டால், மிதிகட்டையில் சராசரியாக முதலாவதற்கு 11.8 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையும், இரண்டாவதற்கு 7.4 கிலோகிராமுக்கு நிகரான விசையும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் உள்ள வேறுபாடு இதுவே. பயிற்சியாளர்கள் கனத்த பல்விகிதத்தில் மெல்ல மிதிப்பதைத் தவிர்க்கச் சொல்வதன் அடிப்படையும் இதுவாகும்.

பயிற்சி பெற்ற சாலை ஓட்டுநர்கள் சமதரையில் 80 முதல் 100 வரை மிதிக்கின்றனர். இதைக் கண்டு 90 என்பதை எல்லோருக்குமான இலக்காகக் கொள்வது தவறு. குறைந்த திறனில் ஓட்டும்போது 50 முதல் 70 வரையிலான வீதத்திலேயே உடல் குறைந்த உயிர்வளியைச் செலவிடுகிறது என்பது உடலியங்கியல் சோதனைகளில் பலமுறை கண்டறியப்பட்டது. சந்தைக்குச் செல்பவரும் பள்ளிக்குச் செல்பவரும் இயல்பாக மிதிக்கும் வீதம் இதுதான்; அது குறைபாடன்று.

ஒற்றைப் பல்விகிதம் கொண்ட வண்டிக்கு மிதிச்சுற்று உணரி தேவையா என்ற கேள்வி எழலாம். தேவையில்லை. சாதாரண மிதிவண்டியில் முன் செயின்வீலில் 44 பற்களும் பின் ஃப்ரீவீலில் 18 பற்களும் உள்ளன என்று கொள்வோம். ஒரு முழு மிதிக்குச் சக்கரம் 2.44 முறை சுற்றும். வண்டி ஏறத்தாழ 5.48 மீட்டர் நகரும். இதிலிருந்து, மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தை மூன்றால் பெருக்கினால் மிதிச்சுற்று வீதம் கிடைத்துவிடும். 20 கி.மீ. வேகம் என்றால் 60 சுற்று. 15 என்றால் 45. மிதிக்காமல் உருளும்போது மட்டும் இது பொருந்தாது. பற்களின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறுமாதலால் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2001–02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டிகளும் ஒற்றைப் பல்விகிதம் கொண்டவையே. அவற்றை வைத்திருக்கும் மாணவர்களுக்கு இக்கணக்கு போதுமானது.

சமவெளியிலும் மலைச்சாலையிலும்

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சாலை பெரிதும் சமதரையில் செல்வது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஆடி மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று இச்சமவெளியில் வீசும். மேற்கு நோக்கி ஓட்டுபவருக்கு அது எதிர்க்காற்று. காற்றின் தடை, காற்றுக்கு எதிரான சார்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்து உயரும். 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர்மேல் 10 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தடை 2.25 மடங்காகிறது. அந்நாளில் வேகமானியைப் பார்த்து நேற்றைய வேகத்தை எட்ட முயல்பவர் பாதி வழியிலேயே களைத்துவிடுவார். மிதிச்சுற்று வீதத்தை மாறாமல் வைத்து, பல்விகிதத்தை இறக்கி, வேகம் எவ்வளவு வருகிறதோ வரட்டும் என்று விடுபவர் பழனியை அடைவார்.

சராசரி வேகம் பற்றி ஒரு குறிப்பு. எதிர்க்காற்றில் 30 கி.மீ. தொலைவை மணிக்கு 15 வீதமும், திரும்புகையில் அதே தொலைவை 30 வீதமும் ஓட்டியவரின் சராசரி 22.5 அன்று, 20 மட்டுமே. செல்ல இரண்டு மணி நேரமும் திரும்ப ஒரு மணி நேரமும் ஆகின்றன அல்லவா. காற்று எடுத்ததை முழுவதும் திருப்பித் தருவதில்லை. கருவி காட்டும் சராசரி சரியே. தேநீர்க் கடையில் நின்ற நேரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பது மட்டும் செயலியின் அமைப்பைப் பொறுத்தது. இருவர் சராசரியை ஒப்பிடும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிதிச்சுற்று உணரியின் பயன் இங்குதான் தெளிவாகிறது. 6 விழுக்காடு ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடையுடன், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 115 வாட் தேவை. உடல்நலமுள்ள ஒருவரால் இதைத் தர இயலும். ஆயினும் மேற்சொன்ன சாதாரண வண்டியில் இவ்வேகத்துக்கு மிதிச்சுற்று வீதம் வெறும் 24. ஒவ்வொரு சுற்றும் இரண்டரை நொடி நீள, ஆள் எழுந்து நின்று மிதித்தும் வண்டி நின்றுவிடப் பார்க்கும். முன்னே 28, பின்னே 32 பற்கள் கொண்ட பல்விகித மலைவண்டியில் அதே வேகத்துக்கு வீதம் 74. திறனும் ஏற்றமும் ஒன்றே. வண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் செல்பவரிடம் வலிமை குறைவென்பதில்லை, பல்விகிதம்தான் பொருந்தவில்லை. வேகமானி இருவருக்கும் 8 என்றே காட்டும்.

ஏற்றத்தில் வேகத் திரை ஏறி இறங்கித் தடுமாறுவதும் உண்டு. மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் சக்கரம் ஒரு சுற்றை முடிக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆவதால், சில செய்திகளில் புதிய சுற்று எதுவும் இராது. இது பழுதன்று. இறக்கத்தில் நிலைமை வேறு: திரையைப் பார்க்க வேண்டிய இடமே அதுவன்று. அதிகபட்ச வேகத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம். தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரையாகச் செல்லும் மக்கள் நிறைந்திருக்கும் பழனிச் சாலைக்கும் இது பொருந்தும்.

ஜி.பி.எஸ். முறையுடன் ஒப்பீடு

கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். கருவியே வேகமும் தொலைவும் தரும்போது தனி உணரி எதற்கு என்ற வினா இயல்பானது. திறந்த சமவெளியில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும். நேரான நெடுஞ்சாலையில் ஜி.பி.எஸ். போதும் எனலாம். மலைச்சாலையில் அது தடுமாறும். இடங்காட்டும் துல்லியம் பொதுவாகச் சில மீட்டர்கள். 8 கி.மீ. வேகத்தில் ஏறுபவர் நொடிக்கு 2.2 மீட்டரே நகர்கிறார். பிழை நகர்வை விடப் பெரிதாகிவிடுகிறது. இறங்குகையில் 35 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கடப்பதால், நொடிக்கு ஒரு புள்ளி பதியும் கருவி வளைவைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. மரங்களும் பாறைச் சரிவும் இதை மேலும் கெடுக்கும். சக்கர உணரிக்கு இவை எதுவும் பொருட்டன்று. சாய்வினால் தொலைவு மாறுபடுவதே காரணம் எனச் சிலர் எண்ணுவர். 6 விழுக்காடு ஏற்றத்தில் அவ்வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவே.

வீட்டுக்குள் நிலையான பயிற்சித் தாங்கியில் ஓட்டுவோருக்கு ஜி.பி.எஸ். பயன்படாது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கக் காலத்தில் பலர் இதை உணர்ந்தனர். தாங்கியில் பின்சக்கரம் மட்டுமே சுழலும் என்பதால் வேக உணரி பின் ஹப்பில் இருக்கவேண்டும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

பெரும்பாலான உணரிகள் சி.ஆர்.2032 வகைப் பொத்தான் மின்கலத்தில் இயங்குகின்றன. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஓராண்டு அளவுக்கு வரும். புதிதாக வாங்கிய உணரி இணையவில்லை எனில், மின்கலத்தின் மேல் உள்ள நெகிழித் தாளை அகற்றினோமா என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு சக்கரத்தைச் சில முறை சுற்றவேண்டும். அசையாத உணரி உறங்கிவிடும். புளூடூத் வழியில் சில உணரிகள் ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன் மட்டுமே பேசும். முன்பு இணைத்த கைப்பேசி அருகில் இருந்தால் புதியதில் தோன்றாது. ஆன்ட் பிளஸ் வழியில் எத்தனை கருவிகளும் ஒரே உணரியைக் கேட்கலாம்.

2.4 கிகாகெர்ட்சு அலைகளை நீர் எளிதில் உறிஞ்சும். மனித உடலின் பெரும்பகுதி நீரே. எனவே கைப்பேசியை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு முன் ஹப்பில் உணரியைப் பொருத்தினால் இணைப்பு விட்டுவிட்டு வரலாம். நீர் புகாத் தரம் ஐ.பி.எக்சு.7 எனக் குறிக்கப்பட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது பொருள். நீரைப் பீய்ச்சிக் கழுவுவதைத் தாங்கும் என்று அதற்குப் பொருளன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டியபின் மூடியைத் திறந்து, இரப்பர் வளையம் ஒழுங்காக அமர்ந்துள்ளதா என்று பார்ப்பது பயன்தரும்.

கழற்றிய பொத்தான் மின்கலத்தைக் குழந்தைகள் கையில் எட்டாதவாறு உடனே அப்புறப்படுத்த வேண்டும். விழுங்கப்பட்ட மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுக்களைக் கடுமையாக அரித்துவிடும். தீர்ந்துபோன மின்கலத்திலும் இவ்வாற்றல் எஞ்சியிருக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

கருவி வாங்காமல் அளத்தல்

பெயர்பெற்ற நிறுவனங்களின் உணரி இணை ஒன்றின் விலை சாதாரண மிதிவண்டி ஒன்றின் விலையை நெருங்குவதுண்டு. மிதிச்சுற்று வீதத்தை அறிய ஒரு கைக்கடிகாரமே போதும். வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடிக்கு எண்ணி நான்கால் பெருக்கவேண்டும். சில நாள் பழகினால் 60க்கும் 80க்கும் உள்ள வேறுபாடு எண்ணாமலே காலுக்குத் தெரியவரும்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதைச் செய்முறைத் திட்டமாகவும் செய்யலாம். ரீட் சுவிட்சு ஒன்று, சிறு காந்தம் ஒன்று, நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்று ஆகியவை போதும். ரீட் சுவிட்சுக்குப் பதிலாக, எட்வின் ஆல் 1879இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் ஆல் உணரியையும் கொள்ளலாம். ரீட் சுவிட்சின் தகடுகள் ஒட்டும்போது ஓரிரு மில்லிநொடி துள்ளுவதால், ஒரு சுற்று பல சுற்றுகளாக எண்ணப்படும். இதைத் தவிர்க்க, ஒரு துடிப்புக்குப் பின் 100 மில்லிநொடிக்குள் வரும் துடிப்புகளை நிரலில் புறக்கணிக்கலாம். 2.24 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்துக்கு மணிக்கு 80 கி.மீ. வரை இதனால் பிழை நேராது. ஆல் உணரிக் கூறுகளில் துள்ளல் இல்லை. ஆனால் அவற்றுட் சில காந்தத்தின் ஒரு முனையை மட்டுமே உணரும் என்பதால், எண்ணிக்கை நகரவில்லையெனில் காந்தத்தைத் திருப்பிவைத்துப் பார்க்கவேண்டும்.